மாமியார் வீடும் சத்திரமும்

போன் கடையில் அவனுக்கு வெர்ஷன் என்று பெயர். வாயைத் திறந்தால் முதலில் அந்தச் சொல்தான் வரும் என்பதால் முதலாளி வைத்தது. நாளடைவில் வாடிக்கையாளர்களும் அப்படியே கேட்டுக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். அவனுக்கு அதில் உள்ளூரப் பெருமை.

போன் விற்பவர்கள் அந்தத் தெருவிலேயே நிறையப் பேர். ஆனால் இரண்டு வகைப் போன்களுக்கும் உள்ள வித்தியாசத்தை நின்ற இடத்தில் புரியவைப்பவன் அவன் ஒருவன்தான். ஒரு கம்பெனி போனையும் அதற்குள் ஓடும் மென்பொருளையும் தானே செய்கிறது. இன்னொன்று மென்பொருளை மட்டும் செய்து, போன் செய்கிற எல்லோருக்கும் கொடுக்கிறது. இதை அவன் இப்படிச் சொல்வதில்லை.

"இது மாமியார் வீடு சார். சோறு நேரத்துக்கு வரும், படுக்கை சுத்தமா இருக்கும், திருட்டுப் பயம் கிடையாது. ஆனா ஒரு சொம்பை இடம் மாத்தி வைக்க விடமாட்டாங்க. அது சத்திரம். எங்க வேணா படுத்துக்கலாம், எந்தக் கதவை வேணா திறந்துக்கலாம். பையை மட்டும் தலைக்கு அடியில வச்சுக்கணும்."

பையைச் சொல்வதற்கு முன்பே அவன் சிரித்துவிடுவான். கேட்பவர்களும் சிரிப்பார்கள். சிரித்தவர் வாங்காமல் போவது அபூர்வம்.

வருடத்துக்கு ஒரு தடவை இரண்டு பக்கமும் புதிய அப்டேட் வரும். அது வரும் வாரத்தில் அவன் கண்ணாடி மேஜையின் மேல் இரண்டு போன்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிற்பான். தெருவில் போகிறவர்கள்கூட உள்ளே வந்து எட்டிப் பார்ப்பார்கள். மாமியார் வீட்டில் இந்த வருடம்தான் முகப்பில் பெரிய கடிகாரம் வைத்துக்கொள்ள அனுமதி கொடுத்திருக்கிறார்கள், சத்திரத்தில் அது பத்து வருடமாக மூலையில் தொங்குகிறது என்பான். சத்திரத்தில் பொத்தான்களையெல்லாம் கட்டை விரல் அளவுக்குப் பெரிதாக்கியிருக்கிறார்கள், பார்க்க அழகு, ஆனால் முன்பு ஒரே பார்வையில் தெரிந்தது இப்போது பாதிதான் தெரிகிறது என்பான். ஒரு வசதி வந்தால் ஒரு வசதி போகும். எது போனால் தாங்க முடியும் என்று பார்த்து வாங்குங்கள் என்று முடிப்பான். அவன் பொய் சொல்லி எதையும் விற்றதில்லை.

அவன் கையில் இருந்தது மாமியார் வீடு. மனைவிக்கு அவன் கொடுத்திருந்தது சத்திரம், கடையில் காட்சிக்கு வைத்து ஓரம் தேய்ந்தது.

மனைவி ஒரு பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கிறவள். காலையில் வெறும் வயிற்றோடு வருகிறவர்களுக்கு எடுத்து முடித்துவிட்டு மத்தியானம் வீட்டுக்கு வந்துவிடுவாள். நரம்பு கிடைக்காத கையில்கூட ஒரே குத்தில் எடுத்துவிடுவாள் என்று பெயர். அவன் அவளைக் கொசு என்று கூப்பிட்டான். வீட்டில் மட்டுமில்லை. அவள் எப்போதாவது கடைக்கு வந்தால், கொசு வந்தாச்சு, கையை மூடிக்குங்க என்று எல்லோர் காதிலும் விழச் சொல்வான். அவள் ஒரு ஓரமாக நின்று, போன் உறைகளைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருப்பாள்.

அவள் போனில் அவன் ஒரு செயலியைப் போட்டிருந்தான். மாமியார் வீட்டில் அதற்கு இடம் கிடையாது. சத்திரத்தில் இரண்டு கதவைத் திறந்துவிட்டால் போதும். போன் சும்மாக் கிடக்கும்போதும் அது அறையில் நடக்கும் பேச்சைப் பிடித்து அவன் போனுக்கு அனுப்பியது. சந்தேகம் என்று ஒன்றும் இல்லை. அவளைச் சந்தேகப்படுவது அவனுக்கே சிரிப்பாக இருந்திருக்கும். தன்னைப் பற்றி அவள் என்ன சொல்கிறாள் என்று தெரிய வேண்டும். அவ்வளவுதான்.

மத்தியானம் அவள் துணி மடித்துக்கொண்டோ இஸ்திரி போட்டுக்கொண்டோ, ஸ்பீக்கரில் அக்காவோடு பேசுவாள். அவன் டீ நேரத்தில் கடைக்குப் பின்னால் சரக்கறைக்குப் போய், காலி அட்டைப் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து காதில் மாட்டிக்கொள்வான். அக்கா பையனின் தொண்டைச் சதை. மாடிவீட்டுக்காரர்கள் தண்ணீர் மோட்டாரை நிறுத்த மறப்பது. நரம்பே தெரியாத ஒரு பாட்டியம்மா. வருடக்கணக்கில் கேட்டான். சலிக்கவில்லை.

ஒரு நாள் அவள் அக்காவிடம் அழுதாள். ஒரு குழந்தைக்கு எடுக்கும்போது ஊசி விலகி, கையெல்லாம் நீலமாகிவிட்டது. யாரிடமும் சொல்லாதே என்றாள். அன்று சாப்பாட்டில் அவன், இன்னைக்கு எத்தனை பேர் கையை நீலமாக்கினே என்று சாதாரணமாகக் கேட்டான். அவள் கை தட்டிலேயே நின்றுவிட்டது. எப்படித் தெரியும் என்று கேட்டாள். உன் மூஞ்சியே சொல்லுதே என்றான். பரீட்சைக்கு முன்பே கேள்வித்தாளைப் பார்த்துவிட்டவனின் ருசி அது. அதன்பிறகு விடவில்லை.

இன்னொரு தடவை, பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் ஆள் எடுக்கிறார்கள், சம்பளம் இரண்டு மடங்கு, கீழே நாலு பேர் வேலை செய்வார்கள், இவரிடம் எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை என்று அக்காவிடம் சொன்னாள். அவள் கேட்பதற்கு அவன் இடம் வைக்கவில்லை. கடைக்கு வந்த ஒருவரின் மனைவி பெரிய இடத்துக்கு ஆசைப்பட்டுப் போய் ஒரே மாதத்தில் துரத்தப்பட்ட கதையை, இல்லாத கதையை, ரசம் ஊற்றிக்கொண்டே சொன்னான். தகுதின்னு ஒண்ணு இருக்கில்ல என்று முடித்தான். அவள் அந்த ஆஸ்பத்திரிப் பேச்சை அக்காவிடம்கூட மறுபடி எடுக்கவில்லை.

அந்த வருட அப்டேட்டில் ஒரு புதிய விஷயம் இருந்தது. போனில் இருக்கிற மைக்கை ஏதாவது செயலி பயன்படுத்தினால், திரையின் மேல் மூலையில் பச்சையாக ஒரு புள்ளி எரியும். மாமியார் வீட்டில் அது முன்பே வந்துவிட்டது. சத்திரத்துக்கு இப்போதுதான் வந்தது. கண்ணாடி மேஜைக்குப் பின்னால் நின்று வெர்ஷன் அதை அற்புதமாகக் காட்டினான். போனைச் சும்மா கீழே வைத்து, பார்த்துக்கொண்டே இருங்கள் என்று சொல்லி, மறைவாக ஒரு செயலியை ஓடவிடுவான். புள்ளி எரியும். சத்திரத்துக்குக் காவல்காரன் போட்டாச்சு என்பான். எல்லோரும் தங்கள் போனை எடுத்து மூலையைப் பார்த்துக்கொள்வார்கள். உடனே அப்டேட் போடுங்கள், தள்ளிப்போடாதீர்கள் என்று அனுப்பிவைப்பான்.

வீட்டில், உன்னுது பழைய போன், அப்டேட் போட்டா படுத்துடும், தொடாதே என்று சொல்லிவைத்தான். அவள் சரி என்றாள்.

சில வாரம் கழித்து, ஒரு மத்தியானப் பேச்சில் முதன்முறையாக அவன் வந்தான். அவர் மீசையைப் பார்த்தால் மேல் உதட்டில் ஏதோ ஊர்ந்து போகிற மாதிரி இருக்கிறது என்றாள் அவள். அக்கா சிரித்தாள். அவன் சரக்கறையில் உட்கார்ந்தபடி மீசையைத் தடவிப் பார்த்தான். ஏழெட்டு வருட மீசை. ரெண்டு நாள் பொறுத்து எடுத்துவிட்டான். அவள் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அக்காவிடம் சொன்னாள். மீசை இருந்தபோது முகம் என்று ஒன்று இருந்தது, இப்போது தட்டைக் கழுவிக் கவிழ்த்த மாதிரி இருக்கிறதாம்.

மெல்லும்போது சத்தம் வருகிறது என்றாள். அவன் வாயை மூடிக்கொண்டு மென்றான். மாடு யோசிக்கிற மாதிரி இருக்கிறது என்றாள். குளித்துவிட்டு வந்தாலும் சட்டையில் பழைய அட்டைப்பெட்டி வாசனை என்றாள். அவன் சென்ட் வாங்கினான். செத்த வீட்டுக்குள் நுழைகிற மாதிரி இருக்கிறது என்றாள். எதற்கும் பதில் சொல்ல வழியில்லை. சொன்னால் கேட்டது தெரிந்துவிடும். சாப்பிடும்போது அவளை வெறித்துப் பார்ப்பான். அவள் இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்று கேட்பாள்.

பிறகு அவள் கடையைத் தொட்டாள். அந்த மாமியார் வீட்டு ஜோக்கைச் சொல்வதற்கு முன் தானே சிரிப்பார், ஜனங்கள் ஜோக்குக்குச் சிரிப்பதில்லை, அவரைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள், கடைக்கு வெளியே போய் அவர் மாதிரியே பேசிக் காட்டுகிறார்களாம் என்றாள். எங்கள் கூடத்துக்கு வந்த ஒருவர் எனக்கே செய்து காட்டினார், நான் இன்னார் மனைவி என்று சொல்லிக்கொள்ளவில்லை என்றாள்.

மறுநாள் அவன் ஒரு குடும்பத்துக்கு முன்னால் இரண்டு போன்களை வைத்துக்கொண்டு நின்றான். இது மாமியார் வீடு சார் என்றான். அதற்குமேல் தடுமாறினான். சொம்பு வரை போய் நின்றுவிட்டான். அவர்கள் காத்திருந்துவிட்டு, விலையை மட்டும் கேட்டுக்கொண்டு போனார்கள். அடுத்தடுத்த வாரங்களிலும் அப்படித்தான். யார் உதடு அசைந்தாலும் அவனுக்கு வேர்த்தது. முதலாளி கொஞ்ச நாள் பார்த்தார். பிறகு, உடம்பு சரியில்லேன்னா சொல்லுய்யா என்று அன்பாகவே பேசி, அவனைக் கதவோரம் இருக்கும் மேஜைக்கு மாற்றினார். அங்கே போன் உறையும், திரைக்கு மேல் ஒட்டுகிற கண்ணாடியும் விற்பார்கள். அதற்குப் பேச்சுத் தேவையில்லை. தூசி இல்லாமல் ஒட்டத் தெரிந்தால் போதும். பழைய மேஜையில் நின்ற புது ஆள் அவனுடைய ஜோக்கைத்தான் சொல்லி விற்றான். பையைச் சொன்ன பிறகுதான் சிரித்தான்.

அவன் கேட்பதை நிறுத்தியிருக்கலாம். முன்னைவிட அதிகம் கேட்டான். ஒரு நாள் அவள், பக்கத்தில் படுத்திருக்கிறாரா இல்லையா என்று திரும்பிப் பார்க்கக்கூடத் தோன்றவில்லை என்றாள். அக்கா சிரிக்கவில்லை. பாவம்டி, விட்டுடு என்றாள். மற்றதெல்லாம் தராசின் ஒரு தட்டில் என்றால் அந்தப் பாவம் இன்னொரு தட்டில் இருந்தது. அன்று அவன் ஒட்டிய கண்ணாடி எல்லாவற்றிலும் குமிழி விழுந்தது.

ஒரு விடுமுறைக் காலையில் அவள் குளித்துக்கொண்டிருந்தாள். அடுப்படி அலமாரியில் அவள் போன் சார்ஜில் கிடந்தது. ஏதோ செய்தி வந்து திரை விழித்தது. அவன் தற்செயலாகத்தான் திரும்பினான். மேல் மூலையில் பச்சைப் புள்ளி எரிந்தது.

எடுத்துப் பார்த்தான். புதிய வெர்ஷன். அப்டேட் போட்ட தேதியும் அங்கேயே இருந்தது. அவன் மீசையை எடுப்பதற்கு முந்தைய வாரம்.

அவனுக்கு முதலில் வந்தது ஆறுதல். உட்கார்ந்துவிட்டான். புள்ளியைப் பார்த்த பிறகு அவள் அக்காவுக்காகப் பேசவே இல்லை. இத்தனை நாளும் அவனிடம்தான் பேசியிருக்கிறாள். அப்படியானால் அத்தனையும் பொய். மீசை, மெல்லுவது, ஜோக்கு, எல்லாம் வேண்டுமென்றே குத்தியது. அவன் பழையபடிதான் இருக்கிறான். நாளைக்கே முதலாளியிடம் போய் மேஜையைத் திருப்பிக் கேட்கலாம். அவன் சிரிக்கக்கூடச் செய்தான்.

அவள் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தாள். அவன் கையில் போனைப் பார்த்தாள். நிதானமாகத் துண்டைக் கொடியில் போட்டாள்.

எப்போதிருந்து தெரியும் என்று கேட்டான். எங்கள் டாக்டரம்மா உங்கள் கடையில்தான் போன் வாங்கினார்கள் என்றாள் அவள். உன் வீட்டுக்காரர் எவ்வளவு அழகாக விளக்குகிறார் என்று கூடத்தில் எல்லோருக்கும் செய்து காட்டினார்களாம். போனைக் கீழே வைத்து, புள்ளி எரிவது வரைக்கும். அவளும் அன்று தன்னுடையதில் அப்டேட் போட்டுப் பார்த்தாள். எரிந்தது. நீலமான கை எப்படித் தெரிந்தது, ஆஸ்பத்திரி எப்படித் தெரிந்தது என்று அப்போது தெரிந்தது.

அவன் அதைப் பற்றிப் பேச விரும்பவில்லை. அவனுக்கு வேண்டியது வேறு. "அப்ப நீ சொன்னதெல்லாம் சும்மாதானே? நான் கேக்கறேன்னு தெரிஞ்சு, என்னைக் கடிக்கணும்னு சொன்னது."

"எதெல்லாம்?" என்றாள்.

அவன் சொல்ல வேண்டியதாயிற்று. மீசையைச் சொன்னான். மாடு யோசிக்கிறதைச் சொன்னான். செத்த வீட்டைச் சொன்னான். வெளியே போய்ச் சிரிப்பதையும் சொன்னான். அவள் ஒவ்வொன்றுக்கும் தலையசைத்துக் கேட்டுக்கொண்டாள், பெயரும் வயதும் கேட்டு எழுதிக்கொள்கிறவள் மாதிரி.

"ஆமா," என்றாள். "யோசிச்சு யோசிச்சுத்தான் சொன்னேன். தினம் மத்தியானம் உட்கார்ந்து தேடுவேன். உங்களைப் பத்தி எனக்குத் தானா எதுவும் வராதுங்க. நல்லதும் வராது, கெட்டதும் வராது. முன்னாடி பேசினதெல்லாம் கேட்டிருப்பீங்களே, எங்கயாவது நீங்க இருக்கீங்களா?"

அதைக் குறை இல்லாததன் அடையாளம் என்று அவன் இத்தனை வருடமும் நினைத்திருந்தான்.

"வேணும்னா எடுத்துடுங்க," என்று போனைக் காட்டினாள். "இருந்தாலும் எனக்குத் தொந்தரவு இல்ல." பிறகு இட்லிக்கு ஊறப்போட வேண்டும் என்று உள்ளே போனாள்.

அவன் போனை அலமாரியில் வைத்து, வயரைச் செருகினான். செயலியை எடுக்கவில்லை.

அடுத்த நாள் டீ நேரத்தில் சரக்கறைக்குப் போனான். ஜன்னலுக்குத் திரை தைப்பது பற்றிப் பேசினார்கள். மடிப்பு வைத்தால் துணி அதிகம் பிடிக்கும், வளையம் வைத்தால் போதும். அக்கா பையனுக்குத் தொண்டைச் சதையை எடுக்கத் தேதி கொடுத்திருக்கிறார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் இப்போது ஆள் எடுக்கிறார்களா என்று அக்கா கேட்டாள். எடுக்கிறார்கள், எழுதிப் போட்டுவிட்டேன் என்றாள். அவன் தன்னைத் தேடிக்கொண்டே கேட்டான். ஒரு சொல் இல்லை. மறுநாளும் இல்லை. வாரம் போயிற்று. கதவோர மேஜையில் கண்ணாடி ஒட்டிக்கொண்டே, இன்றைக்கு ஏதாவது சொல்லியிருப்பாள் என்று டீ நேரத்துக்குக் காத்திருந்தான். சட்டை வாசனையைப் பற்றியாவது.

ஒரு நாள், பேச்சு முடிகிற சமயத்தில், உன் வீட்டுக்காரர் எப்படி இருக்கார் என்று அக்கா கேட்டாள்.

"இருக்கார்," என்றாள் அவள். திரைத்துணிக்கு ஓரம் அடிக்க எவ்வளவு கேட்கிறான் என்று பேச்சு தொடர்ந்தது.

அவன் பின்னுக்கு இழுத்து, அந்த இடத்தை மறுபடி கேட்டான்.