பத்து நிமிட நிபுணர்

அந்த மின்சாதனக் கடையில் உட்காரக் கூடாது என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. உட்கார எதையும் வைக்கவில்லை, அவ்வளவுதான். காலையில் ஷட்டர் ஏறியதிலிருந்து இறங்கும் வரை விற்பனையாளர்கள் மூன்று மாடிகளிலும் நின்றார்கள். உட்கார்ந்திருப்பவனிடம் யாரும் விலை கேட்க மாட்டார்கள், கழிவறைக்கு வழிதான் கேட்பார்கள் என்பது முதலாளியின் அனுபவ ஞானம்.

விதிவிலக்குகள் இரண்டு. ஒன்று, கீழ்த்தளத்தில் மாடிப்படிக்குப் பின்னால் இருந்த புகார் கவுண்டரின் கைவைத்த நாற்காலி. அதை யாரும் இருக்கையாகக் கருதவில்லை. அதில் உட்கார வைக்கப்பட்டவர்கள் எல்லோரும் சில வாரங்களில் வேறு வேலை தேடிக்கொண்டார்கள். மற்றொன்று, இரண்டாம் மாடி மூலையில் இருந்த சிவப்பு ஸ்டூல். கையில் பிடித்து ஆடும் கேம் கருவியை விற்கும் கவுண்டருக்காகக் கம்பெனியே அனுப்பி வைத்தது. கேம் ஆடிப் பார்க்க வருகிறவர் உட்கார்ந்து ஆட வேண்டும் என்பது கம்பெனியின் எண்ணம். வருகிறவர் வரும் வரை அது சும்மா இருக்க வேண்டுமா என்பது நம்மவரின் எண்ணம்.

நம்மவரை எல்லோரும் 'டெமோ' என்று கூப்பிட்டார்கள். வயதில் சிறியவர்கள் மரியாதையாக 'டெமோ அண்ணே' என்றார்கள். ஐம்பதைத் தாண்டியவர். எழுந்தால் ஒரு முழங்கால் சத்தம் போடும், நடந்தால் மற்றது பதில் சொல்லும். டெமோ ஓடிக்கொண்டே இருந்தால்தான் கூட்டம் சேரும் என்று அவர் முதலாளியை நம்ப வைத்திருந்தார். எனவே நாள் முழுக்க ஸ்டூலில் உட்கார்ந்து ஆடினார். வாடிக்கையாளர் வந்தால் உடனே எழுந்து இடம் கொடுத்துவிடுவார். இதனால் அவருக்குப் பெரிய தொந்தரவு எதுவும் ஏற்படவில்லை.

கேம் கருவிக்கு முன்னால் அவர் சட்டைப்பை கேமரா விற்றார். அதற்கும் முன்னால், காலரில் குத்திக்கொள்ளும் பாட்டுப் பெட்டி. இடையில் கண்ணாடி போட்டுப் பார்க்கும் டி.வி. ஒவ்வொன்றையும் கையில் எடுத்து உயர்த்தி, "இனிமே இதுதான் சார்" என்றார். அவர் சொன்ன சூட்டோடு அந்தப் பொருள்கள் கடையை விட்டு மட்டுமல்ல, உலகத்தை விட்டே போயின.

"அண்ணே, நீங்க 'இனிமே இதுதான்'னு சொன்னா கம்பெனிக்காரனே சங்கை எடுத்துத் துடைக்க ஆரம்பிச்சுடுறான்" என்பார் எதிர்ப்பக்கம் பிரிட்ஜ் விற்கிறவர். "ஒரு தடவை என் பிரிட்ஜையும் பாத்துச் சொல்லுங்களேன். எனக்கும் இடமாத்தம் வேணும்."

"உன் பிரிட்ஜைப் பத்திச் சொல்ல என்னடா இருக்கு? கதவைத் தொறந்தா குளிருது."

"உங்க ஆளு கதவைத் தொறந்தா என்ன ஆவுது? அதைச் சொல்லுங்க முதல்ல."

இது பொல்லாத கேள்வி. டெமோ கருவியில் இருந்த ஆட்டம் பத்து நிமிடம்தான் ஓடும். ஒரு வீரன் காட்டைக் கடந்து, பாலத்தைத் தாண்டி, கோட்டைக் கதவுக்கு வருவான். கதவு திறக்கும். உடனே திரை கறுத்து, முழு ஆட்டத்தையும் வாங்கி மகிழுங்கள் என்று எழுத்து வரும். பிறகு வீரன் மறுபடி காட்டில் நிற்பான். நம்மவர் அந்தக் கதவை எத்தனையோ ஆயிரம் முறை திறந்திருக்கிறார். உள்ளே என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. வாடிக்கையாளர் கேட்டால், "நான் சொல்லிட்டா சுவாரஸ்யம் போயிடும் சார்" என்று கண்ணைச் சிமிட்டுவார்.

மற்றபடி அந்தக் கருவியைப் பற்றி அவருக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்பது பொதுக்கருத்து. அந்தப் பொதுக்கருத்தை உருவாக்கியவர் அவர்தான். பேட்டரி எவ்வளவு நேரம் வரும் என்று கேட்டால், "காலையில ஆன் பண்றேன், கடை மூடுற வரைக்கும் ஓடுது. கண்ணால பாக்குறேன் சார்" என்பார். வீரன் தானாக இடப்பக்கம் நகர்கிறானே என்றால், "பாலத்துல காத்து அடிக்குது சார். அவ்வளவு தத்ரூபம்" என்பார். இதில் ஒரு வார்த்தைகூட அவர் பொய்யென்று நினைத்துச் சொன்னதில்லை.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் எண்ணெய் இல்லாமல் பொரிக்கும் அடுப்பு வந்து சேர்ந்தது. அடுப்புக் கம்பெனி அந்த மூலையைக் கேட்டது. ஒரு நாள் முதலாளி மாடியேறி வந்தார். நம்மவர் ஸ்டூலிலிருந்து எழுந்தார். முழங்கால் முதலாளிக்கு வணக்கம் வைத்தது.

"திங்கக்கிழமை கேம் கம்பெனிக்காரரு வர்றாரு" என்றார் முதலாளி. "அவரையும் வெச்சுக்கிட்டுக் கேக்கப் போறேன். இந்த மிஷினோட பலம் என்ன, பலவீனம் என்ன, எதிர்காலம் என்ன. மூணையும் நீ சொல்லு. அப்புறம் முடிவு பண்றேன்."

"பலவீனமும் சொல்லணுங்களா?"

"ஏன், இல்லையா?"

"பாத்துச் சொல்றேங்க."

"மூலை போச்சுன்னா உனக்குக் கீழே குடோன்லதான் இடம் இருக்கு. பெட்டி இறக்குற வேலை."

முதலாளி இறங்கிப் போன பிறகு நம்மவர் ஸ்டூலைப் பார்த்துக்கொண்டு நின்றார். குடோனில் ஸ்டூல் கிடையாது. பெட்டிகள்தான் அங்கே உட்காரும், ஆட்கள் அவற்றைத் தூக்குவார்கள். கேம் கருவியின் எதிர்காலத்தைப் பற்றி அன்றுதான் அவர் உண்மையாகக் கவலைப்பட்டார்.

பலத்தை அவர் தூக்கத்தில்கூடச் சொல்வார். பலவீனம்தான் இடித்தது. சொல்லிப் பழக்கமே இல்லை. விடுமுறை நாளில் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பார்ப்பது என்று அனுமதி வாங்கினார். கருவியைக் கவுண்டரோடு பிணைத்திருந்த தடித்த கறுப்பு உறையைப் பிரிட்ஜ்காரர் கத்தியால் கீறினார். உள்ளே இரண்டு கம்பிகள் இருந்தன.

"ஒண்ணு திருட்டுப் போகாம இருக்க. இன்னொண்ணு எதுக்குடா?"

"சார்ஜர் அண்ணே."

"எப்பத்துலேருந்து?"

"பொறந்ததுலேருந்து. ஏன், நீங்க என்ன நினைச்சீங்க?"

நம்மவர் அந்தக் கம்பியைத் தடவிப் பார்த்தார். பேட்டரியைப் பற்றித் தான் உறுதி கொடுத்த முகங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வரத் தொடங்கியிருந்தன.

அவருடைய மனைவி நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடியில் சீட்டுக் கொடுக்கிறவர். ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் வேலை. இடுப்பு போய்விட்டது. வீட்டுக்கு வந்ததும் அவர் நிற்பார், டி.வி. பார்ப்பதும் நின்றுதான், சாப்பிடுவதும் நின்றுதான். கணவர் வந்ததும் உட்காருவார். கல்யாணமான நாளிலிருந்து இருவரும் கண்ணுக்குக் கண் பார்த்துப் பேச முடியாமல் போனதற்கு வேறு காரணம் எதுவும் இல்லை.

"என்னங்க இது, கனக்குது?" என்றார் மனைவி, கருவியை வாங்கிப் பார்த்து.

"கையடக்கம்."

"யாரு கைக்கு? பாக்கெட்ல வெச்சுட்டு எங்க வேணா போலாம்னு ஊரெல்லாம் சொல்வீங்களே. வைங்க பாப்போம்."

வைத்தார். கால்சட்டை ஒரு பக்கமாக இறங்கியது. இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு அவர் நின்ற கோலத்தைப் பார்த்து மனைவி சுவரில் சாய்ந்து சிரித்தார்.

பால்கனியில் வெயில் இருந்தது. மனைவி கருவியை அங்கே கொண்டுபோனார். "இதுல என் மூஞ்சிதாங்க தெரியுது. இதுக்கு நம்ம வீட்டுக் கண்ணாடியே போதுமே."

"நிழலுக்கு வா."

நிழலில் வீரன் தெரிந்தான். ஆனால் நிற்க வைத்தால் நிற்காமல் பாலத்தின் ஓரமாக நகர்ந்தான்.

"நான் தொடவே இல்ல. இவன் பாட்டுக்குப் போய்த் தண்ணியில விழுறான்."

"காத்துடி. கட்டைவிரலை வலப்பக்கமா லேசா அழுத்திக்கோ. அப்படித்தான் ஆடணும்."

"வீட்டுக்குள்ள என்னங்க காத்து?" மனைவி ஆட்டத்தை முதலிலிருந்து தொடங்கி, பாலமே இல்லாத காட்டில் வீரனை நிறுத்திக் காட்டினார். அங்கும் அவன் இடப்பக்கமே நடந்தான். "இந்தக் குமிழ் தேஞ்சு போச்சு. நீங்க வருஷக்கணக்கா அழுத்தி அழுத்தித் தேச்சிருக்கீங்க. அதுக்குக் காத்துன்னு பேரா?"

மதியத்துக்கு முன்பே பேட்டரி தீர்ந்தது. சார்ஜரைச் செருகிவிட்டு மனைவி முழு ஆட்டத்தின் விலையைக் கேட்டார். நம்மவர் சொன்னார். மனைவி மறுபடியும் கேட்டார், காது சரியாகத்தான் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள. இருந்தாலும் வாங்கினார். இவ்வளவு நாள் ஒரு கதவுக்கு வெளியே நின்ற மனிதரோடு குடும்பம் நடத்திவிட்டோமே என்ற ஆத்திரம். வாங்கியதும் கருவி, உள்ளே இடம் போதவில்லை என்றது. உள்ளே இருந்த விளம்பரப் படங்களையெல்லாம் அழித்த பிறகு இடம் கொடுத்தது.

கதவு திறந்தது. திரை கறுக்கவில்லை. நம்மவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். உள்ளே ஒரு முற்றம், அதன் கோடியில் இன்னொரு கதவு.

"அவ்வளவுதானா?" என்றார் நம்மவர்.

"சும்மா இருங்க" என்றார் மனைவி.

அதன் பிறகு கருவி மனைவியின் கையை விட்டு இறங்கவில்லை. சமையலறை வாசலில் நின்றபடி ஆடினார். அடுப்பில் பாலை வைத்துவிட்டு ஆடினார். மாடிப்படியில் குப்பைக்கூடையோடு இறங்கும்போதும் இன்னொரு கையில் கருவி இருந்தது. கைபேசி மேசையில் கிடந்து அடித்தது. சுங்கச்சாவடி மேலாளர்; அடுத்த நாள் யாராவது வராவிட்டால்தான் அவர் கூப்பிடுவார். அது அடித்து ஓய்ந்தது. மனைவி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நம்மவர் சோபாவிலிருந்து இதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மெல்ல அவருக்கு ஒன்று உறைத்தது. இந்தக் கருவியை ஆட ஸ்டூல் வேண்டாம். நின்றுகொண்டு ஆடலாம், நடந்துகொண்டு ஆடலாம். அதற்காகத்தான் இதைக் கண்டுபிடித்தே இருக்கிறார்கள். அதன் ஆகப்பெரிய பலத்தை மறைத்துத்தான் அவர் இவ்வளவு காலம் உட்கார்ந்திருக்கிறார்.

திங்கட்கிழமை கம்பெனிக்காரர் டை கட்டிக்கொண்டு வந்தார். முதலாளி கவுண்டரில் முழங்கையை ஊன்றி நின்றார். பிரிட்ஜ்காரர் தன் பிரிட்ஜ் ஒன்றைத் துடைக்கும் சாக்கில் காதைத் தீட்டிக்கொண்டார்.

"பலவீனத்துல ஆரம்பி" என்றார் முதலாளி.

பழக்கமில்லாத வேலை, ஆரம்பித்தவருக்கு நிறுத்தத் தெரியவில்லை. பேட்டரி ஒரு சினிமா பார்க்கும் நேரத்துக்கு மேல் வராது. வெயிலில் முகம்தான் தெரியும். பையில் வைத்தால் மானம் போகும். குமிழ் தேயும், தேய்ந்தால் காற்றடிக்கும். ஆட்டம் வாங்கி முடிப்பதற்குள் கருவியின் விலை சின்னதாகத் தெரியும். வாங்கினாலும் உள்ளே இடம் இருக்காது.

"பேட்டரி விஷயம் பயன்படுத்துற சூழலைப் பொறுத்தது" என்றார் டைக்காரர்.

"ஆமாங்க. சார்ஜர் போட்ட சூழல்ல நல்லா வருது."

பிரிட்ஜ்காரரின் துணி கீழே விழுந்தது.

"சரி, பலம்?" என்றார் முதலாளி.

நம்மவர் ஸ்டூலைப் பார்த்தார். திரையின் கூர்மை, வண்ணம், ஓசை என்று சுற்றி வந்தார். முதலாளி விடவில்லை. "அதெல்லாம் போன்லயும் இருக்கு. இதுல மட்டும் என்ன இருக்கு?"

பொய் சொல்ல அவருக்கு நன்றாகவே வரும். ஆனால் பொய்யென்று தெரிந்து சொல்ல வரவில்லை.

"எங்க வேணா ஆடலாங்க. நடந்துக்கிட்டு, சமைச்சுக்கிட்டு." தொண்டையைச் செருமிக்கொண்டார். "நின்னுக்கிட்டு."

"அப்ப இந்த ஸ்டூல் எதுக்கு?"

நம்மவரின் முழங்கால் ஒருமுறை சொடுக்கியது.

"எனக்குங்க" என்றார்.

முதலாளி சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. "எதிர்காலம்?" என்றார்.

"அதை மட்டும் என்கிட்ட கேக்காதீங்க. நான் எதிர்காலம்னு சொன்னதெல்லாம் குப்பைக்குப் போயிடுச்சு. ஒண்ணு மட்டும் பாத்தேன். போன்ல ஆடினா நடுவுல மேலாளர் கூப்பிடுவாரு. இதுல யாராலயும் கூப்பிட முடியாது. நேத்து என் வீட்டுக்காரி ஒரு நாள் முழுக்க யாருக்கும் கிடைக்கல. இந்த மிஷின் பொழைச்சா அதுக்காகத்தான் பொழைக்கும்."

டைக்காரர் இதைக் குறித்துக்கொள்ளவில்லை. முதலாளி மூலையை அடுப்புக்குக் கொடுத்தார். கேம் கருவிகள் இனி கண்ணாடி அலமாரியில், கேட்பவருக்கு மட்டும்.

"குடோனுக்குப் போயிடட்டுங்களா?" என்றார் நம்மவர்.

"எதுக்கு? இந்தக் கடையில பொருளோட குறையை வாய் தொறந்து சொன்ன மொத ஆளு நீதான். கீழே புகார் கவுண்டர்ல உக்காரு. நாற்காலி இருக்கு. கையெல்லாம் வெச்ச நாற்காலி."

டெமோ கருவியையும் அந்தக் கவுண்டருக்கே எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். குமிழ் தேய்ந்ததை யாருக்கும் விற்க முடியாது. அதில் ஏற்றியிருந்த முழு ஆட்டமும் கூடவே போயிற்று. மனைவி மட்டும் மூன்றாவது முற்றத்தில் விட்ட இடத்தை நினைத்து இரண்டு நாள் பேசாமல் இருந்தார்.

நாற்காலி சௌகரியமாகத்தான் இருந்தது. நம்மவர் முதுகைச் சாய்த்து, முழங்கால்களை நீட்டினார். இவ்வளவு காலம் இதை விட்டுவிட்டு ஒரு ஸ்டூலுக்காகவா பாடுபட்டோம் என்றுகூட நினைத்தார். அப்போது ஒருவர் கையில் சட்டைப்பை கேமராவோடு படிக்குப் பின்னால் வந்து நின்றார். அவருக்குப் பின்னால் வேறொருவர், கண்ணாடி போட்டுப் பார்க்கும் டி.வி.யின் கண்ணாடியோடு. அதற்கும் பின்னால் ஓர் அம்மாள், கேம் கருவியின் பெட்டியை மார்போடு அணைத்தபடி.

முதலாமவர் குனிந்து உற்றுப் பார்த்தார்.

"இனிமே இதுதான்னு சொன்னது நீங்கதானே?"

நம்மவர் எழுந்தார். எழுந்த சத்தம் மாடி வரை கேட்டிருக்கும். நாற்காலியைத் திருப்பி அவர் பக்கம் தள்ளினார்.

"உக்காருங்க சார். பாத்துடலாம். அதுவரைக்கும் இதை ஆடிக்கிட்டு இருங்க. கட்டைவிரலை வலப்பக்கமா லேசா அழுத்திக்குங்க. காத்து இல்ல, குமிழ் தேஞ்சிருக்கு."

வந்தவர் கோபத்தோடுதான் உட்கார்ந்தார். கோபத்தோடுதான் காட்டைக் கடந்தார். பாலத்தில் அவர் நெற்றி தளர்ந்தது. கதவு திறந்ததும் அவர் உள்ளே போய்விட்டார்.

முழு ஆட்டம் என்பதால் பத்தாவது நிமிடத்தில் திரை கறுக்கவில்லை. நம்மவர் மற்ற இருவரின் குறைகளையும் கேட்டு முடித்தார். வந்தவர் இன்னும் மூன்றாவது முற்றத்தில் இருந்தார். எழுந்திருக்கும் உத்தேசம் இருப்பதாகத் தெரியவில்லை. நம்மவர் மேசையைப் பிடித்துக்கொண்டு, பக்கத்திலேயே நின்றார்.