கொக்கு உட்காராத மேடு

தொண்ணூறுகளில் இராஜபாளையத்தில் ஒரு பஞ்சு மில்லில் வேலை பார்த்தேன். வார லீவு வந்தால் போதும், பைனாகுலரை மாட்டிக்கொண்டு சைக்கிளில் பறவை பார்க்கக் கிளம்பிவிடுவேன். அன்று ஸ்ரீவில்லிபுத்தூர் கண்மாயில் விடிந்ததிலிருந்து காத்திருந்தும் ஒரு நாரைகூட வரவில்லை. இருப்புக் கொள்ளாமல், பறவைகள் இரை தேடிக் கூடும் எங்கள் ஊர்க் குப்பைக் கிடங்குக்குச் சைக்கிளை மிதித்தேன்.

அங்கே எங்கு பார்த்தாலும் கொக்குகள். நடுவே மஞ்சள் முகக் கழுகு ஒன்று! கண்ணிலிருந்து பைனாகுலரை எடுக்காமலே, உயரத்திலிருந்து பார்க்கலாமென்று பக்கத்திலிருந்த கழிவுப் பஞ்சு மேட்டில் கால் வைத்தேன்.

“அண்ணாச்சி, ஏறாதீக! உள்ள தீ கெடக்கு!”

குப்பை பொறுக்கிக்கொண்டிருந்த பெண் ஓடிவந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தார். கணுக்கால்வரை புதைந்த கால் வெளியே வந்தபோது ரப்பர் செருப்பு இளகிப் பாதத்தில் ஒட்டியிருந்தது. பஞ்சு வெளியே தெரியாமல் உள்ளுக்குள்ளேயே கனலும் என்பது மில்காரனான எனக்குத் தெரியாதா? தெரியும். கழுகைக் கண்டதும் மறந்துவிட்டேன்.

“கொக்கு அம்புட்டு நிக்கே, ஒண்ணாவது இதுமேல உக்காந்திருக்கா?” என்றார் அவர், கோபம் தணியாமல்.

இப்போதெல்லாம் எங்கே போனாலும், பறவைகள் எங்கே உட்காரவில்லை என்பதைத்தான் முதலில் பார்க்கிறேன்.