கதவை மறித்த விருந்தாளி

வாத்தியார் வேலையில் வெளியூர்ப் பயணம் என்றால் ஒன்று விடைத்தாள் திருத்தும் முகாம், இல்லாவிட்டால் தேர்தல் வேலை என்பது உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இரண்டுக்கும் போர்வை, கொசுவத்தி, ஊறுகாய் பாட்டில் எடுத்துக்கொண்டு போய்த்தான் எனக்குப் பழக்கம். அப்படிப்பட்டவனை ஒன்பது நாள் ஜெர்மனிக்கு அனுப்பினார்கள். நீங்களும் இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்டவர்கள்தானே, அதனால் நடந்ததை மறைக்காமல் எழுதுகிறேன்.

பாஸ்போர்ட் தகுதி

சிவகாசி வட்டாரத்தில், எம். புதுப்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் இருபத்திரண்டு வருஷமாக சமூக அறிவியல் நடத்துகிறேன். எங்கள் பள்ளிக்கும் ஜெர்மனியில் ஒரு சிறு ஊர்ப் பள்ளிக்கும் ஒப்பந்தம். ஜனவரியில் அவர்கள் பிள்ளைகள் இரண்டு பேர் ஒரு மாதத்துக்கு இங்கே வருவார்கள், மே மாதம் நம் பிள்ளைகள் இரண்டு பேர் அங்கே போவார்கள். அதற்கு முன் ஒரு ஆசிரியர் நேரில் போய்ப் பேசி முடிக்க வேண்டும். இங்கிலீஷ் ஆசிரியரிடம் பாஸ்போர்ட் இல்லை. மலேசியாவில் இருக்கும் என் தங்கை வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்காக நான் எப்போதோ எடுத்து வைத்திருந்தேன். என் தகுதி அவ்வளவுதான்.

போகப்போகும் பிள்ளைகளில் ஒருத்தி பதினொன்றாம் வகுப்பு செல்வராணி. அவள் அம்மா மாரியம்மா பட்டாசு கம்பெனியில் வேலை பார்க்கிறவர். பெயரை அறிவித்த நாளிலிருந்து செல்வராணி ஜெர்மன் மொழியில் ஒன்று முதல் இருபது வரை சொல்லிக்கொண்டே திரிந்தாள். ஆனால் அந்த ஊர்ப் பெற்றோர் சிலருக்கு, பட்டாசு ஊருக்குப் பிள்ளைகளை அனுப்பலாமா என்று பயம். அவர்கள் வரவில்லையென்றால் செல்வராணியும் போக முடியாது என்று நினைத்தோம். தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு, வெடிவிபத்து என்ற பேச்சையே எடுக்க வேண்டாம் என்றார். அவர்களாகக் கேட்டால் என்ன செய்வது என்று கேட்டேன்.

"பொய் சொல்ல வேணாம் சார். காதுல விழாத மாதிரி இருந்துக்கிடுங்க, போதும்."

கேரட்

அங்கே எல்லோரும் பேசியது இங்கிலீஷ். அது அவர்களுக்கும் சொந்த மொழி இல்லை, எனக்கும் இல்லை என்பதால் சமாதானமாகப் போயிற்று. இங்கே தமிழில் எழுதுகிறேன்.

முதல் நாள் பத்தாம் வகுப்பில் வைப்பாற்றைப் பற்றியும் வெம்பக்கோட்டை அணையைப் பற்றியும் பேசினேன். முன் வரிசையில் ஒருத்தி டப்பாவைத் திறந்து கேரட்டைக் கடித்துத் தின்று கொண்டிருந்தாள். நம் ஊராயிருந்தால் சாக்பீஸ் பறந்திருக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு பேச்சை நிறுத்தினேன், கண்ணை உருட்டி அவளையே பார்த்தேன். இருபத்திரண்டு வருஷம் பலித்த பார்வை அது. அவள் டப்பாவை என் பக்கம் நீட்டினாள்.

"ஐயா, பசிக்கிறதென்றால் நீங்களும் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்."

வெள்ளிக்கிழமை பத்தரை மணி

சிவகாசிக்காரன் வெறுங்கையோடு போகலாமா? தினசரி காலண்டர் பத்து கொண்டுபோயிருந்தேன். கட்டத்துக்குள் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு பையன் கேட்டான். இராகு காலம், அந்த ஒன்றரை மணி நேரத்தில் எங்கள் ஊரில் நல்ல காரியம் எதையும் தொடங்க மாட்டார்கள் என்று விளக்கினேன். கவனமாகக் கேட்டுக்கொண்டு போனவன், தன் கால அட்டவணையோடு திரும்பி வந்தான்.

"வெள்ளிக்கிழமை பத்தரைக்கு எங்களுக்குக் கணக்குத் தேர்வு, இதை நீங்களே எங்கள் கணக்கு சாரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்."

பாம்பு பற்றி ஒரு சொற்பொழிவு

எனக்குத் துணையாக விட்டிருந்தவர் புவியியல் ஆசிரியை மோனிகா. ஐம்பது வயது இருக்கும். கடைசியில் ஒப்பந்தப் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டியவரும் அவர்தான். தினமும் காலையில் காபியோடு ஒரு கேள்வி கேட்பார்: ஜனவரியில் வரும் பிள்ளைகளுக்கு ஆபத்து ஏதும் உண்டா? நான் வெயிலைச் சொன்னேன். மறுநாள் தண்ணீரைச் சொன்னேன். மூன்றாம் நாள் சொல்ல ஒன்றும் கிடைக்காமல் பாம்பைப் பிடித்துக்கொண்டேன். நல்ல பாம்பு, கண்ணாடி விரியன், கட்டு விரியன் என்று அரைமணி நேரம் விளாசினேன். படம்கூடப் போட்டுக் காட்டினேன்.

பட்டாசு என்ற வார்த்தை வந்தால் மட்டும், அதெல்லாம் ஊருக்கு வெளியே, ஒன்றும் நடப்பதில்லை என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு ஜன்னலைப் பார்ப்பேன். மனசு உறுத்தத்தான் செய்தது. செல்வராணி இருபது வரை எண்ணிக்கொண்டு அங்கே காத்திருக்கும்போது நான் என்ன செய்ய? மோனிகா டீச்சர் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுச் சொன்னார்.

"பாம்பைக் கேட்டால் அரைமணி நேரம் பேசுகிறீர்கள், பட்டாசைக் கேட்டால் அரை வரியில் முடித்துவிடுகிறீர்கள்."

மணி அடித்தபோது

அடுத்து நடந்ததைப் புரிந்துகொள்ள எங்கள் பள்ளிப் பழக்கம் ஒன்றை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். வகுப்பு நடக்கும்போது தூரத்தில் பெரிய சத்தம் கேட்டால், வாத்தியார் முதல் வேலையாக வாசலில் போய் நிற்க வேண்டும். பிள்ளைகளை வெளியே விடக்கூடாது. விட்டால் எந்தப் பக்கம் ஓடுவார்கள் என்று எங்களுக்குத் தெரியும், சத்தம் வந்த பக்கம்தான். அங்கேதான் அவர்கள் அம்மா வேலை பார்க்கிறார். எந்த கம்பெனி என்று தெரிந்து, வீடு வீடாகப் போன் போட்டு முடிக்கிற வரைக்கும் வாசலை விட்டு நகரக்கூடாது. எங்கேயும் எழுதி வைத்த விதி இல்லை. சர்வீஸில் சேர்ந்த முதல் வருஷத்திலேயே எல்லோரும் பழகிவிடுவோம்.

வியாழக்கிழமை மோனிகா டீச்சர் வகுப்பில் கதவுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். திடீரென்று காதைப் பிளக்கிற மணி. இருபத்தாறு பேரும் ஒன்றாக எழுந்தார்கள். எப்போது எழுந்தேன் என்று எனக்குத் தெரியாது. கதவில் முதுகைக் கொடுத்து, இரண்டு கையையும் விரித்து, "ஒருத்தரும் போகக் கூடாது, உக்காருங்க" என்று தமிழில் சத்தம் போட்டிருக்கிறேன். பிள்ளைகள் அப்படியே நின்றுவிட்டார்கள். மோனிகா டீச்சர் வந்து என் கையை மெதுவாக இறக்கிவிட்டார். அது தீ விபத்துப் பயிற்சியாம். மணி அடித்தால் எல்லோரும் வெளியேற வேண்டுமாம். அந்தப் பள்ளியிலேயே கடைசியாக மைதானத்துக்கு வந்த வகுப்பு எங்களுடையதுதான்.

தலைகளை எண்ணி முடித்ததும் அவர் என்னைத் தனியே அழைத்துப் போனார். அதற்குமேல் மறைக்க முடியாமல் எல்லாவற்றையும் சொன்னேன். எந்தெந்த வருஷம், எந்தெந்தப் பிள்ளைக்கு வாசலில் வைத்து என்ன சொல்ல வேண்டியிருந்தது என்பது வரைக்கும் சொன்னேன். கடைசிவரை கேட்டுவிட்டு மோனிகா டீச்சர் கேட்டார்.

"ஒன்றுமே நடக்காத ஊரில் உங்கள் கைகள் இதை எப்படிப் பழகின?"

மோனிகா டீச்சர் கூட்டிய கூட்டம்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெற்றோர் கூட்டம். மோனிகா டீச்சரிடம் சொன்னதையே அங்கேயும் சொன்னேன். கம்பெனிகளுக்கும் பள்ளிக்கும் எவ்வளவு தூரம், சீசனில் எப்படி, சத்தம் கேட்டால் நாங்கள் என்ன செய்வோம் என்று கேள்வி மேல் கேள்வி. மருத்துவமனை எங்கே, யார் வீட்டில் தங்குவார்கள், அந்த வீட்டில் யார் யார் இருக்கிறார்கள்? ஒன்றரை மணி நேரம் நின்றுகொண்டே பதில் சொன்னேன். தலைமையாசிரியை முகம் அவ்வப்போது கண்முன் வந்து போனது.

முடிவு இதுதான்: அவர்கள் பிள்ளைகள் இந்த வருஷம் வரவில்லை. நம் பிள்ளைகள் மே மாதம் தாராளமாக வரலாம், அதற்கு இது தடையில்லை. செல்வராணியை நினைத்ததும் நெஞ்சு லேசாயிற்று. அடுத்த நிமிஷமே சுருக்கென்றது. அவர்கள் பிள்ளை ஒரு மாதம்கூட வந்து இருக்க முடியாத ஊரில்தானே எங்கள் பிள்ளைகள் வருஷம் பூராவும் இருக்கிறார்கள்? கோபமும் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. வெளியே வரும்போது ஒரு தகப்பனார் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என் மகளை அனுப்ப எனக்குத் தைரியம் வரவில்லை, அதை உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வெட்கமாக இருக்கிறது."

ஞாயிற்றுக்கிழமை போன்

ஞாயிறு காலை விமான நிலையத்துக்கு மோனிகா டீச்சர்தான் கொண்டுவந்து விட்டார். கையெழுத்துப் போட்ட படிவம் என் பைக்குள் இருந்தது. ஊரில் கம்பெனி லீவு, மாரியம்மா வீட்டில் இருப்பார் என்று போன் போட்டேன். செல்வராணி வருவது உறுதி, நீங்கள் ஒரு கையெழுத்து மட்டும் போட்டால் போதும் என்றேன். சந்தோஷப்படுவார் என்று பார்த்தால், அவுக பிள்ளைக இங்கன எப்ப வாராக என்று கேட்டார். வரவில்லை, பயப்படுகிறார்கள் என்று மென்று விழுங்கிச் சொன்னேன். பெத்தவுக பயப்படத்தான செய்வாக என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு, அவர் தன் கேள்விகளைத் தொடங்கினார்.

எந்த வீட்டில் தங்குவாள், அந்த வீட்டில் ஆம்பளைகள் எத்தனை பேர், காய்ச்சல் வந்தால் ராத்திரி யார் பார்ப்பார்கள்? பாதிக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. பக்கத்தில் நின்ற மோனிகா டீச்சரைக் கேட்டுக் கேட்டுச் சொன்னேன். வகுப்புக்கு எத்தனை வாசல் என்றார் மாரியம்மா. ஒன்று என்றேன். எத்தனை பிள்ளைகள் என்றார். இருபத்தாறு, நம் பிள்ளைகள் இரண்டு பேரோடு இருபத்தெட்டு என்றேன். மாரியம்மா குரல் உயர்ந்தது.

"ஒத்த வாசலா? எங்க கம்பெனியில ஒரு ரூமுக்கு நாலு பேருக்கு மேல உக்கார விடமாட்டாக, அதுக்கே சுத்தி வாசல் வச்சிருக்காக சார்."

மாரியம்மா சொன்னதை அப்படியே மொழிபெயர்த்தேன். மோனிகா டீச்சர் சிரிக்கவில்லை. பேனாவை எடுத்து, என் கையில் இருந்த டிக்கெட் உறையின் பின்புறத்தில் வகுப்பறையை வரைந்து, வாசலைக் குறித்து, என்ன செய்ய வேண்டும் என்று கேட்கச் சொன்னார். கேட்டேன்.

"எம் பிள்ளைய வாசலுக்குப் பக்கத்துல உக்கார வைக்கச் சொல்லுங்க சார். அந்தம்மா சரின்னு சொன்னா நான் கையெழுத்துப் போடுறேன்."

இரண்டு பள்ளிக்கூடம், இரண்டு ஊர்ப் பெற்றோர் என்று ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதியிருந்தும், ஒரு ஊரில் மட்டும் கூட்டம் போட்டுவிட்டு எல்லாரையும் கேட்டாயிற்று என்று விமானம் ஏற வந்தவன் நான்.