பெரிய வெள்ளியன்று அடைத்த கத்தரிக்காய்

ஏழாம் வார்டில் நுமா பார்தேயைத் தெரியாதவர்கள் இல்லை. அவர் வீட்டுக்குள் போய் உட்கார்ந்தவர்கள்தான் இல்லை. முப்பத்தோரு வருடம் நியூ ஆர்லியன்ஸில் நகரப் பேருந்து ஓட்டியவர். ஏறுகிறவர், இறங்குகிறவர் எல்லோரையும் வம்புக்கிழுத்துச் சிரிக்கவைத்த வாய் அது. ஓய்வு பெற்றதும் அந்த வாய்க்கு ஆள் கிடைக்கவில்லை. கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. எழுபது வயதில் ரேடியோவோடும் வாணலியோடும் பேசிக்கொண்டிருந்தார்.

இருந்த ஒரே உறவையும் அந்த வாய்தான் விரட்டியது. அக்கா எலோடியின் கணவர் ஒனரே கொஞ்சம் குடிப்பார். அந்தக் கொஞ்சம் ஏழாம் வார்டுக் கணக்கில் கொஞ்சம்; வேறு ஊரில் அதற்குப் பெயர் நிறைய. அவரை அடக்கம் செய்துவிட்டு வந்து எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது, "இன்னைக்குத்தான் மனுஷன் தெளிஞ்சு கிடக்கார்" என்றார் நுமா. நாலு பேர் சிரித்தும் விட்டார்கள். அக்கா சிரிக்கவில்லை. ஆறு வருடம் பேசவும் இல்லை.

குருத்தோலை ஞாயிறன்று தொலைபேசி அடித்தது.

"பெரிய வெள்ளி வழக்கப்படி ஒம்பது கோயிலுக்கு நடந்தே போறேன். ஒம்பதாவது உன் தெருவுல இருக்கு. அதுக்கு மேல என் முழங்கால் ஒத்துழைக்காது. மூணு மணிக்கு வருவேன். சாப்பிட ஏதாவது செஞ்சு வை."

"அக்கா..."

வைத்துவிட்டார்.

ஏதாவது என்ன ஏதாவது! எலோடிக்கு உயிரே அடைத்த கத்தரிக்காய்தான். நுமா ஆறு குண்டுக் கத்தரிக்காய் வாங்கினார். பாதிபாதியாக வெட்டினால் பன்னிரண்டு. இரண்டு பேருக்குப் பன்னிரண்டா என்று கேட்க வீட்டில் யாரும் இல்லை. வெள்ளி காலையில் அவற்றை வேகவைத்து, தோல் கிழியாமல் சதையைச் சுரண்டி எடுத்தார். நண்டை உடைத்து ஓடு கலக்காமல் சதை பிரிப்பதற்கே ஒரு மணி நேரம் போயிற்று. இறாலையும் உரித்து வைத்தார்.

அவ்வளவு நேரமும் அக்காவோடு பேசிக்கொண்டிருந்தார். எதிரில் இல்லாத அக்காவோடு. "உள்ள வாக்கா. முதல்ல ஒண்ணு சொல்லணும்." சரியில்லை. "அன்னைக்கு நான் என்ன நெனச்சேன்னா..." அதுவும் சரியில்லை. வெங்காயம், செலரி, குடைமிளகாய் எல்லாம் வதங்கி, இறால் சிவந்து, நண்டும் ரொட்டித்தூளும் சேர்ந்து, கத்தரித் தோல்களில் நிரம்பி அடுப்புக்குள் போகும்வரை பேச்சு ஓடியது. மூன்று மணிவரை விரதம் என்பதால் ஒரு வாய்கூட ருசி பார்க்கவில்லை.

இரண்டே முக்காலுக்குச் சமையல் மேடையைத் துடைக்கும்போது அந்தக் காகிதம் கையில் பட்டது. பன்றித்தொடை இறைச்சி சுற்றியிருந்த காகிதம். காலியாக இருந்தது.

மற்ற நாட்களில் வாணலியில் முதலில் விழுவது அதுதான். அதன் கொழுப்பில்தான் வெங்காயமே வதங்கும். முப்பது வருடப் பழக்கத்தில் கை தானாகப் போட்டிருக்கிறது. நண்டும் இறாலும் ஆகும், இறைச்சி ஆகாத பெரிய வெள்ளியன்று! ஒன்பது கோயில் நடந்து வருகிறவர் தட்டில்!

நுமா காகிதத்தைக் கையில் கசக்கினார். சொன்னால், அன்று புருஷனைக் கேலி செய்தவன் இன்று விரதத்தைக் கேலி செய்கிறான் என்று எழுந்து போய்விடுவார். பிறகு இந்த ஜென்மத்தில் வரமாட்டார். சொல்லாவிட்டால்? பொடிப்பொடியாக நறுக்கியது. இறாலோடு இறாலாகப் போய்விடும். யாருக்குத் தெரியும்?

வாசல் மணி அடித்தது. அக்கா இளைத்திருந்தார். செருப்பைக் கழற்றியவர், "கோயில் ஒம்பதும் அங்கேயே இருக்கு. நான்தான் தேய்ஞ்சுட்டேன்" என்று நாற்காலியில் விழுந்தார். தட்டைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "அட, கத்தரிக்காயா!"

சிலுவை போட்டு ஜெபித்தார். முள்கரண்டியை எடுத்தார். அது வாய்ப்பக்கம் போனது.

"சாப்பிடாத!" நுமா தட்டைப் பிடுங்கினார். "அதுல பன்னி இருக்கு."

எலோடி கரண்டியை மெதுவாக வைத்தார். "அன்னைக்கு அவரு. இன்னைக்கு என் விரதமா?"

"சத்தியமா இல்லக்கா. கை போட்டுடுச்சு. புத்தி உன்கிட்ட பேசிக்கிட்டு இருந்துச்சு."

"நான் இங்க இல்லவே இல்லையேடா. என்கிட்ட என்ன பேச்சு?"

காலையிலிருந்து ஒத்திகை பார்த்ததில் ஒரு வரிகூட வரவில்லை. "அத்தான்தான் எனக்கு அந்த பஸ் வேலையே வாங்கிக் குடுத்தாரு. அன்னைக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு. எல்லார் முன்னாடியும் அழ வெக்கமா இருந்துச்சு. வாயில வந்ததச் சொல்லிட்டேன். சொல்லியிருக்கக் கூடாதுக்கா."

அக்கா எழுந்து போகவில்லை.

"ரொட்டி இருக்கா? பசி உயிர் போகுது."

நுமா அவசரமாக ரொட்டியை வெட்ட ஆரம்பித்தார்.

"முதல் வருஷம்தாண்டா எனக்குக் கோவம்" என்றார் எலோடி. "மிச்ச அஞ்சு வருஷமும் நீ கூப்பிடுவேன்னு உக்காந்திருந்தேன்."

அந்த ஐந்து வருடமும் தொலைபேசி கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. நுமா ரொட்டியில் வெண்ணெய் தடவி அக்கா முன்னால் வைத்தார்.