மாமா சிபாரிசு செய்த நாவல்

அம்மாவின் ஒரே தம்பியான மாமா, ரூ லூயி-பிளாங்க் தெருவில் தொலைபேசிக் கடை வைத்திருந்தார். ஊருக்குப் பேச அட்டை வாங்க வருகிறவர்கள் ஒரு நாவலின் பெயரையும் கேட்டுக்கொண்டுதான் வெளியே போக முடியும். ஊரே ஒரு பக்கம் நிற்க, கொள்கைக்காகத் தனியே மறுபக்கம் நிற்கும் மனிதர்களின் பழைய கதைகள்தான் அவருக்கு நாவல். மற்றதெல்லாம் சமையல் குறிப்பு. “அட்டை கிடக்கட்டும் அண்ணை, இதை வாசிச்சனீங்களோ?” என்று அவர் தொடங்கினால், அவசரக்காரர்கள் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்கள்.

அப்படிப்பட்டவர் வீட்டில் மாமியை எதிர்த்து ஒரு சொல் பேசியதில்லை. மாமி சொன்ன நிறத்தில் சட்டை, மாமி சொன்ன நாளில் தலைக்கு மை. நாங்கள் சிரிப்போம். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

ஊரில் போர் முடிந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. எங்கள் ஆட்களின் கடைகள் நிறைந்த லா சப்பலில் ஊர்வலங்கள் குறைந்து சடங்குகள் பெருத்திருந்தன. அந்த வருடம் அக்கா பெரியபிள்ளையானாள். அம்மா உடனே மண்டபம் பிடித்துவிட்டார். பல்லக்கு, புகை கக்கும் இயந்திரம், வீடியோ என்று எல்லாம் ஏற்பாடு. தோழியாகப் பல்லக்கில் கூட ஏறுவது நான். ஒன்பது வயதில் எனக்கு அதற்குமேல் வாழ்க்கையில் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

வீட்டோடு இருக்கும் பிள்ளைக்குப் பொழுது போகட்டுமென்று மாமா ஒரு தடித்த பிரெஞ்சு நாவலைக் கொண்டுவந்து கொடுத்தார். ஊர் முழுக்கச் சொல்வதற்கு மாட்டேன் என்று சொல்லும் ஒரு பெண்ணின் கதை. அக்கா அதை வாசித்து முடித்த கையோடு அம்மாவிடம் போய் “நோன்” என்றாள். தன் உடம்பில் நடந்ததை ஊரைக் கூட்டிச் சோறு போட்டுச் சொல்லவேண்டாம். வகுப்புப் பையன்கள் வீடியோவைப் பார்த்தால் தான் செத்துப்போவாள்.

அம்மா அழுதார். பிறகு மாமாவைக் கூப்பிட்டார். “நீதான் அவளைக் குழப்பினனீ. நீயே சொல்லித் திருத்து.”

மாமா அக்காவுக்கு முன்னால் உட்கார்ந்து, கதையில் வரும் பெண் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டாள் என்றும், விட்டுக்கொடுப்பதும் ஒரு கொள்கைதான் என்றும் சொன்னார். சொல்லும்போதே அவருக்கு வியர்த்தது.

“மாமா, நீங்கள் இதைக் கடைசிவரை வாசிச்சனீங்களோ?” என்று கேட்டாள் அக்கா.

மாமா புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனார். அக்கா அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். நான் சந்தோஷமாகப் புதுப் பாவாடையை உடுத்திப் பார்த்தேன்.

சடங்கன்று மண்டபம் நிறைந்திருந்தது. அழுதழுது வீங்கிய கண்ணோடு அக்கா சேலையில் உட்கார்ந்திருந்தாள். தாய்மாமன் அவள் தலையில் பாலறுகு வைத்துத் தண்ணீர் வார்த்தால்தான் எதுவும் தொடங்கும். மாமி வந்துவிட்டார், கடையைப் பூட்டிவிட்டு வருவதாகச் சொன்ன மாமாவைக் காணவில்லை. நல்ல நேரம் முடியப்போகும் சமயம் அம்மாவின் தொலைபேசி அடித்தது. “கிறேவாம், ரயில்காரர் வேலைநிறுத்தம். ஒரு ரயிலும் ஓடேல்லை. நடுவழியிலை நிக்கிறன்.”

மண்டபத்தில் பாதிப்பேர் ரயிலில் வந்தவர்கள்.

வேறு யாராவது வார்க்கலாமே என்றார் ஒரு பெரியவர். அம்மா பார்த்த பார்வையில் அவர் வடை எடுக்கப் போய்விட்டார். நல்ல நேரம் போயிற்று. யாரோ கைதவறி அழுத்த, புகை இயந்திரம் வெறும் பல்லக்கைச் சுற்றி ஒருமுறை புகைத்து ஓய்ந்தது. வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். அக்கா பாயசத்தை இரண்டாம் முறை வாங்கிக் குடித்தாள்.

அம்மா மாமாவோடு நெடுங்காலம் பேசவில்லை. மாமி நிறுத்தாமல் பேசினார்.

அடுத்த கிழமை அப்பாவோடு கடைக்குப் போனேன். மாமா அதே தடித்த நாவலை ஒருவரிடம் நீட்டிக்கொண்டிருந்தார். “கடைசிவரை வாசியுங்கோ அண்ணை. நானும் இப்பதான் முடிச்சனான்.”

என்னைப் பார்த்துச் சிரித்தார். ரயில் ஓடவில்லை என்று பொய் சொல்லி ஒளிந்த கோழையோடு எனக்கென்ன பேச்சு என்று நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.