கீரைப் பாத்திரத்தில் போன கோப்பைகள்

ஒன்றிணைந்த மாவட்டப் பள்ளி வாரியத்தின் ஐம்பதாம் ஆண்டு மலர் இப்படிச் சொல்கிறது: "திருமதி எர்லீன் விக்கர்ஸ், மதிய உணவுக்கூடப் பணியாளர். எவரையும் எளிதில் நம்பும் இனிய சுபாவம் கொண்டவர். கறுப்பர் பள்ளியும் வெள்ளையர் பள்ளியும் இணைந்தபோது முழு மனத்துடன் ஒத்துழைத்தவர்."

பெயர் சரி. வேலையும் சரி. 'திருமதி' மட்டும் புதிது. அவர் உயிரோடு இருந்தவரை வாரியத்தில் யாரும் அவரை அப்படி அழைத்ததில்லை.

எளிதில் நம்புவதாவது! திருச்சபை விருந்தில் உருளைக்கிழங்கு சாலட் வைத்தால், செய்தது யார் என்று தெரியாமல் கரண்டியைத் தொடமாட்டார். அலபாமாவின் இந்தப் பக்கத்தில் பாதிப் பேர் அப்படித்தான். ஆனால் எர்லீன் பெயரைக் கேட்டுக்கொண்ட பிறகும், "அவ வீட்டுல பூனை வளக்குறாளே?" என்பார்.

1970 கோடையில் நீதிமன்ற உத்தரவுப்படி எர்லீன் வேலைபார்த்த கறுப்பர் பள்ளியான ஷேடி ஃபோர்க்கை மூடி, பிள்ளைகளை டவுனிலிருந்த வெள்ளையர் பள்ளிக்கு அனுப்ப முடிவாயிற்று. அதற்குப் பெயர் இணைப்பு. இணைந்ததில் ஒரு பள்ளிக்குக் கட்டடம், பெயர், கொடி எல்லாம் மிஞ்சின. மற்றதற்கு ஓர் அலமாரி நிறைய விளையாட்டுக் கோப்பைகள் மிஞ்சின. பெண்கள் கூடைப்பந்துக் கோப்பையில் அணித்தலைவி லொரெய்ன் பெயர் இருந்தது. லொரெய்ன் எர்லீனின் மகள்.

"கோப்பையெல்லாம் அங்க பத்திரமா வெப்போம். திங்கக்கிழமை லாரி வரும்" என்றார் வாரியக் கண்காணிப்பாளர் டிட்வெல், பெற்றோர் கூட்டத்தில். கூட்டம் கைதட்டியது.

"எந்த அலமாரில சார்?" என்றார் எர்லீன்.

"இனிமேதான் செய்யணும், எர்லீன்."

"அப்ப அது வந்தப்புறம் லாரி வரட்டுமே. அதுவரைக்கும் எங்க வெப்பீங்க, மடியிலயா?"

ஷேடி ஃபோர்க் தலைமையாசிரியர் குட்லோ எழுந்தார். ஊருக்கு அவர் 'புரொபசர்'. "சிஸ்டர், போதும், உக்காருங்க."

புதுப் பள்ளியில் புரொபசருக்குத் துணைத் தலைமையாசிரியர் பதவி என்று பேச்சு அடிபட்டது. எர்லீன் அதை மறக்கவில்லை. பக்கத்து மாவட்டத்துக் கோப்பைகளும் 'பத்திரமாக'த்தான் போயின. எர்லீனின் தம்பி அவற்றைக் குப்பைமேட்டில் பார்த்துவிட்டு வந்திருந்தான்.

சனிக்கிழமை பட்டப்பகலில், எர்லீன் பள்ளிச் சமையலறையைக் கழுவப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனார். கோப்பைகளைப் பெரிய பாத்திரங்களில் அடுக்கி, மேலே கீரையைப் பரப்பி மூடினார். லொரெய்னின் கோப்பையை மட்டும் காணோம். துணைப் பதவிக்காகப் புரொபசர் டிட்வெல்லுக்குக் கொடுத்த அச்சாரம் அதுதான் என்று அங்கேயே தீர்ப்பெழுதிவிட்டார்.

வாசலில் புரொபசரே நின்றார், அந்த வெயிலிலும் கோட்டோடு.

"என்ன சிஸ்டர் அது?"

"கீரை."

"பள்ளிக்கூடமே மூடியாச்சு. யாருக்கு?"

"பசிக்கிறவங்களுக்கு. உங்களுக்குத்தான் டிட்வெல் விருந்து வெக்கிறாரே."

அவர் கோட்டுக்குள் கைவிட்டு லொரெய்னின் கோப்பையை எடுத்தார். "இதையும் சேத்து வேக வெச்சிடுங்க. கோட்டுல ஒண்ணுதான் புடிச்சுது" என்று கதவைத் திறந்து பிடித்தார்.

எர்லீன் கோப்பையைத் திருப்பி, மகளின் பெயர்தானா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

சபையில் பிரசங்க மேடைக்கு அடியில் ஞானஸ்நானத் தொட்டி இருக்கிறது, மேலே பலகை. கோப்பைகள் அதற்குள் போயின. எல்லோரையும் சந்தேகப்பட்டவர் பாஸ்டருக்கு அந்தத் தொட்டி வேண்டியிருக்கும் என்பதை மறந்துவிட்டார். எழுப்புதல் ஜெபக் கூட்டங்கள் முடிந்த ஞாயிறு, ஞானஸ்நானம் பெறுபவர்கள் வெள்ளை உடையில் வரிசையாக நிற்க, மூப்பர்கள் பலகையைத் தூக்கினார்கள். தண்ணீர் நிரப்ப வேண்டிய இடத்தில் வெள்ளியும் பித்தளையும் பளபளத்தன. அதற்குள் லாரி வெறுமனே திரும்பி, டிட்வெல் கோப்பைகளைத் தேடி வீடு வீடாக விசாரிக்கத் தொடங்கியிருந்தார்.

பாஸ்டர் குனிந்து பார்த்தார். "மூடுங்க. ஆண்டவரே ஆத்துலதான் முங்கினாரு. வாங்க, ஆத்துக்குப் போவோம்."

சபை முழுவதும் ஆற்றுக்கு நடந்தது. டிட்வெல்லிடம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. இத்தனை பேர் சேர்ந்து வாயை மூடிக்கொண்டிருந்ததே எர்லீனுக்குச் சந்தேகமாக இருந்தது. அன்று சாயங்காலமே கோப்பைகளைத் தன் வீட்டுக்கு மாற்றிவிட்டார்.

எர்லீன் விக்கர்ஸ் ஒத்துழைக்கவில்லை. தன் பள்ளியின் கோப்பைகளை எடுத்துப்போய் ஆறு வருடம் கட்டிலுக்கடியில் வைத்திருந்தார், புதுப் பள்ளியில் பூட்டுப் போட்ட அலமாரி வந்த பிறகு தானே கொண்டுபோய் அடுக்கினார், பூட்டிவிட்டுச் சாவியை யாரிடமும் கொடுக்கவில்லை.