கோணவாயனின் மருமகள்

அந்த வட்டாரத்தில் எந்த மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் மக்கர் பண்ணினாலும் கூப்பிடுவது அவளைத்தான். லிஃப்ட்டக்கா என்றால் காவலாளியிலிருந்து கட்டடச் சொந்தக்காரர் வரை எல்லோருக்கும் தெரியும். டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு பெட்டியின் கூரைமேல் ஏறி நிற்பாள். கம்பிக் கயிற்றில் இழை விட்டிருக்கிறதா என்று உறை மாட்டிய விரலால் தடவிப் பார்ப்பாள். காலுக்குக் கீழே பத்து மாடி ஆழத்துக்கு இருட்டு. அவளோ வாய் ஒழியாமல் பக்கத்து லிஃப்டைப் பார்க்கும் மெக்கானிக்கைக் கிண்டல் அடித்துக்கொண்டிருப்பாள். ஒரு தடவை லிஃப்டின் அடிக்குழியில் பாம்பு சுருண்டு கிடந்தது. "நான் போனப்புறம் இருந்துக்கோ, இப்ப கொஞ்சம் தள்ளு" என்று குச்சியால் ஓரங்கட்டிவிட்டு வேலையை முடித்தவள் அவள்.

அவளுக்கும் ஒரு பயம் இருந்தது. வெளியே சொன்னால் மானம் போய்விடும் என்பதால் யாரிடமும் சொன்னதில்லை. கோணவாயன்.

அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, விடுமுறை நாள் காலையில் டிவியில் ஒரு பொம்மை நிகழ்ச்சி வரும். அணிலும் வாத்தும் மேசையில் உட்கார்ந்து சாப்பிடும். பாதி சாப்பாட்டை விட்டுவிட்டு விளையாடப் போகும். அப்போது மேசைக்கடியிலிருந்து சாக்குத் துணியில் தைத்த ஒரு முகம் மெல்ல மேலே வரும். கண்ணுக்குப் பதிலாகக் கோட்டுப் பொத்தான்கள். வாயின் ஒரு பக்கம் மட்டும் திறக்கும், மறுபக்கம் அப்படியே இழுத்துக்கொண்டு நிற்கும். "தட்டுல மிச்சம் வச்சது யாரு?" என்று கேட்கும். அவ்வளவுதான். யாரையும் அடிக்காது, பிடிக்காது. கேட்டுவிட்டுக் கீழே போய்விடும். அந்தக் கேள்விக்கே அவளுக்குக் குலை நடுங்கும். அவளுடைய அம்மாவுக்கு அது நல்ல வசதியாகப் போயிற்று. ஒரு வாய் அடம்பிடித்தால் போதும், அம்மா பேசாமல் மேசைக்கடியில் குனிந்து பார்ப்பாள். வளர்ந்து ஆளான பிறகும் லிஃப்ட்டக்கா தட்டை வழித்துத்தான் சாப்பிட்டாள். அவள் சாப்பிட்ட தட்டுக்குச் சோப்பு தேவைப்படாது என்று வேலையிடத்தில் சொல்வார்கள்.

இப்படிப்பட்டவள் மருந்துக்கடைக்காரன் ஒருவனைக் காதலித்தாள். மாடிக்கு மருந்து கொண்டுபோனவன் லிஃப்டில் மாட்டிக்கொண்டான். கூட மாட்டிய இருவர் கதவைக் குத்திக்கொண்டிருக்க, இவன் மட்டும் தரையில் உட்கார்ந்து மாத்திரை டப்பாவிலிருந்த காகிதத்தைப் பொறுமையாகப் படித்துக்கொண்டிருந்தான். கதவை நெம்பித் திறந்தவளுக்கு அந்த நிதானம் பிடித்துப்போயிற்று. பேச்சு வளர்ந்து கல்யாணம் வரைக்கும் வந்தது. அவனுடையது அம்மா இல்லாத வீடு. அப்பாவும் பிள்ளையும்தான். அப்பாவே சமைக்கிறார், ஒரு நாள் சாப்பிட வா என்றான்.

போனாள். ஜன்னல் திரையெல்லாம் துவைத்துப் போட்டு வீடு பளிச்சென்று இருந்தது. அப்பா கூச்சக்காரர். தலையை மட்டும் ஆட்டி வரவேற்றுவிட்டு அடுப்படிக்குள் புகுந்துகொண்டார். சாப்பாடு நன்றாகவே இருந்தது. பாதியில் மருந்துக்கடைக்காரனுக்குப் போன் வர, அவன் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனான். அடுப்படியிலிருந்து கிண்ணத்தோடு வந்த அப்பா, அவள் முதுகுக்குப் பின்னால் நின்று கேட்டார்.

"தட்டுல மிச்சம் வச்சது யாரு?"

அதே குரல். அடித்தொண்டையில் புறப்பட்டு, கடைசிச் சொல்லில் இழுத்து நிற்கும் அதே குரல். எப்படி எழுந்தாள், என்ன சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. வேலையிலிருந்து அவசரமாகக் கூப்பிடுகிறார்கள் என்று ஏதோ உளறியிருக்கிறாள். கையைக் கூடக் கழுவாமல் வெளியே வந்து, லிஃப்ட்டக்கா படிக்கட்டு வழியாகவே ஓடி இறங்கினாள்.

அங்கே அப்பா, தன் சமையல்தான் காலை வாரிவிட்டது என்று முடிவு கட்டினார். உப்பு கூடிவிட்டதா, காரம் கூடிவிட்டதா, அந்தப் பெண்ணுக்கு என்ன பிடிக்கும் என்று மகனைத் துளைத்தெடுத்தார். இவளோ கூப்பிட்ட போதெல்லாம் ஒரு சாக்குச் சொன்னாள். கல்யாணப் பேச்சு அந்தரத்தில் நின்றது. பொறுத்துப் பார்த்த மருந்துக்கடைக்காரன், அவள் வேலை செய்துகொண்டிருந்த மொட்டைமாடி மோட்டார் அறைக்கே வந்துவிட்டான். என்னைப் பிடிக்கவில்லையா, வீட்டைப் பிடிக்கவில்லையா, ஒன்றைச் சொல் என்றான். அவள் திரும்பாமலே கேட்டாள்.

"உங்கப்பா முன்னாடி என்ன வேலை பாத்தாரு?"

"டிவி நிலையத்துல பொருள் கிடங்கைப் பாத்துக்கிட்டாரு. ஏன்?"

"கிடங்கு மட்டுந்தானா?"

அவன் யோசித்தான். "கொஞ்ச காலம் ஒரு பொம்மைய ஆட்டிக்கிட்டு இருந்தாரு. குரலும் அவருதான்."

அவள் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு விஷயத்தைச் சொன்னாள். அவன் எண்ணெய் டின்மேல் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தான். அவனுக்குக் கோணவாயன் பயம் காட்டியதே இல்லை. அழுக்கான போதெல்லாம் அப்பா அதை வீட்டுக்குக் கொண்டுவந்து துவைப்பார். அவனுடைய பள்ளிக்கூடச் சட்டைகளுக்கு நடுவே, இரண்டு காதிலும் கிளிப்போடு அது கொடியில் தொங்கும்.

அப்பாவும் சிரிப்பார் என்று நினைத்துத்தான் போய்ச் சொன்னான். அவர் சிரிக்கவில்லை. பிள்ளைகள் வீட்டுக்கு வீடு விழுந்து விழுந்து சிரிப்பதாகவே இத்தனை வருஷமும் நம்பிக்கொண்டிருந்தவர் அவர். புது நிகழ்ச்சி வருகிறது, அதனால் நிறுத்துகிறோம் என்று நிலையத்தில் சொன்னதையும் அப்படியே நம்பியிருந்தார். மறுநாள் முடிவெட்டப் போன இடத்தில் பேச்சோடு பேச்சாகக் கேட்டுப் பார்த்தார். முடிவெட்டுகிறவர் கத்தரியை நிறுத்திவிட்டு, அதைப் பார்த்த நாளிலிருந்து மேசைக்கடியில் காலைத் தொங்கவிட்டதே இல்லை என்றார். தபால்காரரிடம் கேட்டார். அவர் சின்ன வயதில் அந்த நேரத்துக்குக் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொள்வாராம்.

அப்பாவின் பேச்சு குறைந்தது. பேசினாலும் கிசுகிசுப்புதான். கல்யாணத்துக்குப் பிறகு தனியாக ஒரு அறை பார்த்துக்கொண்டு போய்விடுகிறேன், இந்தத் தொண்டையை வைத்துக்கொண்டு அந்தப் பெண் வாழ வரும் வீட்டில் நான் எப்படி இருப்பது என்றார். இது காதில் விழுந்த அன்றே லிஃப்ட்டக்கா வேலை உடுப்போடு கிளம்பிப் போனாள். அவருக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"மாமா, சத்தமாவே பேசுங்க. ஓடிப்போக மாட்டேன்."

"நான் சிரிப்புக் காட்டுறதாத்தாம்மா நெனச்சேன்" என்றார் அவர், கிசுகிசுப்பாகவே.

"குரலைக் கூடப் பொறுத்துக்கலாம் மாமா. அந்த வாய் ஏன் அப்படி இழுத்துக்கிச்சு? எனக்கு அதுதான்."

அவர் வலது கையை நீட்டினார். நடுவிரல் விறைத்து நின்றது. இளவயதில் கிடங்குக் கதவில் மாட்டி நசுங்கியது, பிறகு மடங்கவே இல்லை. பொம்மை ஆட்டுகிறவர் திடீரென்று வராமற்போன ஒரு நாள், பக்கத்தில் நின்ற இவர் கையில் மாட்டிவிட்டார்கள். அதற்கு முதலில் வைத்த பெயர் செல்லமாமா. வாய் ஒரு பக்கம் இழுப்பதைப் பார்த்த பிறகுதான் பெயரை மாற்றினார்களாம்.

ஒரு காலுறையைக் கையில் மாட்டிக் காட்டினார். வாய் கோணியது. அவள் முதுகு நாற்காலியோடு ஒட்டிக்கொண்டது. ஆனாலும் அந்தக் கையைப் பிடித்தாள். காலுறையை உருவிவிட்டு, பழுதான கதவுப் பூட்டைப் பார்ப்பது போல விரலின் மூட்டை முன்னும் பின்னும் அழுத்திப் பார்த்தாள்.

"இவ்வளவுதானா?" என்றாள். "இதுக்கா நான் பாகற்காயக்கூட மிச்சம் வைக்காம தின்னேன்?"

முதலில் அவளுக்குத்தான் சிரிப்பு வந்தது. அப்புறம் அவருக்கு. இருமிக்கொண்டே, தொண்டை நிறையச் சிரித்தார்.

கல்யாண விருந்தில் விஷயம் எப்படியோ கசிந்துவிட்டது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை என்று எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். அவர் எழுந்து நின்று அந்த ஒரு வரியைச் சொன்னார். தொந்தியும் தொப்பையுமாய் இருந்த ஒரு கூட்டமே குனிந்து தட்டைப் பார்த்தது. லிஃப்ட்டக்காவின் மேலாளர் மட்டும் போன் வந்தது போலப் பாவனை செய்துகொண்டு வெளியே போனார்.

அப்பா தனி அறை எதுவும் பார்க்கவில்லை. சமையல் அவர் பொறுப்பிலேயே நீடித்தது. சொல்லாமல் கொள்ளாமல் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்கக் கூடாது என்று மட்டும் மருமகள் கேட்டுக்கொண்டாள். அவரும் வரும்போது ஒரு பாத்திரத்தைத் தட்டிக்கொண்டே வரப் பழகினார்.

இப்போது அந்த வீட்டில் ஒரு பேத்தி ஓடியாடுகிறாள். காலுறைக் கோணவாயனுக்குத் தானே ஊட்டிவிடுகிறாள், மூக்கைப் பிடித்துத் திருகுகிறாள். துளிப் பயம் கிடையாது. ஆனால் பற்பசை விளம்பரத்தில் கைகால் முளைத்த ஒரு பல் வந்து சிரித்துக் கையாட்டும். அது வந்தால் போதும், வீல் என்று கத்திக்கொண்டு தாத்தாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொள்வாள். அந்தப் பல்லில் அப்படி என்னதான் இருக்கிறது என்று பெரியவர்கள் மூவரும் டிவிக்குப் பக்கத்தில் போய் உற்று உற்றுப் பார்த்துவிட்டார்கள். ஒன்றும் பிடிபடவில்லை.